கேஸ் குறையவில்லை, காற்றுதான் நின்றிருக்கிறது: உணவு வணிகக் குளிர்பதனப் பெட்டிகளின் பராமரிப்பு

உணவகமோ பேக்கரியோ இறைச்சிக் கடையோ, எந்த உணவு வணிகமாக இருந்தாலும், குளிர்பதனப் பெட்டியில் கூலிங் குறைந்தவுடன் மெக்கானிக்குகளான எங்களுக்கு வரும் அழைப்பு ஏறத்தாழ ஒரே வாசகத்தில்தான் இருக்கிறது: "கேஸ் தீர்ந்துவிட்டது, வந்து நிரப்பிக் கொடுங்கள்." கேட்டபடியே நிரப்பிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு திரும்புவது எந்த மெக்கானிக்குக்கும் கடினமான வேலையன்று, சில நாட்களுக்குக் கூலிங்கும் வந்துவிடக் கூடும். ஆனால் குளிர்பதனக் கேஸ் எரிபொருளைப் போல ஓட ஓடச் செலவாகிற பொருள் அன்று. கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர், வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சர், கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் கேபிலரி குழாய் அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வு, உள்ளே வெப்பத்தை வாங்கும் எவாப்பரேட்டர் ஆகியவற்றை இணைக்கும் முற்றிலும் மூடிய குழாய்ச் சுற்றுக்குள், ஒரே கேஸ்தான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலையில் நிரப்பிய அளவு அந்தப் பெட்டியின் ஆயுள் முழுவதற்கும் போதுமானது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். குறையவில்லை என்றால், தேவைக்கு மேல் ஏற்றப்படும் கேஸ் உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கம்ப்ரசரைத்தான் வருத்தும்.

நான் பார்க்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் கேஸ் சரியாகவே இருக்கிறது, தடைபட்டிருப்பது காற்றோட்டம். இதை விளங்கிக்கொள்ள ஓர் அடிப்படையை மனத்தில் வைக்க வேண்டும். இந்த இயந்திரம் குளிரை உற்பத்தி செய்வதில்லை. பெட்டிக்குள் இருக்கும் உணவின் வெப்பத்தை எவாப்பரேட்டர் வழியாக வாங்கி, கம்ப்ரசர் ஓடுவதால் உண்டாகும் வெப்பத்தையும் அதனுடன் சேர்த்து, கண்டன்சர் வழியாக வெளியே தள்ளுவது மட்டுமே அதன் வேலை. உள்ளே வெப்பத்தை வாங்குவதற்கும் வெளியே விடுவதற்கும் இடையறாத காற்று வேண்டும். இந்த இரண்டு இடங்களில் எது அடைபட்டாலும் மற்ற உறுப்புகள் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

வெளிப்பக்கத்தை முதலில் பார்ப்போம். சமையலறையில் உள்ள பெட்டியின் கண்டன்சர் ஃபேன், அந்த அறையின் காற்றையே இழுத்துத் தன் மெல்லிய உலோகத் தகடுகளின் நடுவே செலுத்துகிறது. அந்தக் காற்றில் எண்ணெய்ப் புகை இருந்தால் தகடுகளில் பிசுக்கு படிகிறது. பிசுக்கின் மேல் மாவுத் தூளும் துணி நூலும் ஒட்டி, சில மாதங்களில் தகடே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கனத்த படலமாகிவிடுகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாதபோது கண்டன்சரில் கேஸின் வெப்பநிலையும் அழுத்தமும் ஏறுகின்றன. அந்த உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டியிருப்பதால் கம்ப்ரசர் அதிக மின்சாரத்தை இழுத்து, அதிக நேரம் ஓடி, தானும் கொதிக்கிறது. நாளடைவில் அதற்குள் இருக்கும் எண்ணெய் தரம் கெடுகிறது, அதன் மோட்டார் கம்பிச் சுருளின் (வைண்டிங்) மேற்பூச்சு பலமிழக்கிறது. ஓவர்லோட் பாதுகாப்பு அவ்வப்போது கம்ப்ரசரை நிறுத்தி, சூடு தணிந்ததும் மீண்டும் விடும். உரிமையாளர் கண்ணுக்கு இது 'நின்று நின்று ஓடுகிறது' என்ற அளவில்தான் தெரிகிறது. இறுதியில் கம்ப்ரசர் எரிந்துபோகும்போது புதியது மாட்டப்படுகிறது. கண்டன்சரைத் தொடாமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றிவிட்டுப் போன வேலைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; அந்தப் புதிய கம்ப்ரசரும் பழையதன் வழியிலேயே போவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பொரிக்கும் வேலையும் மாவு வேலையும் நடக்கும் சமையலறைகளில் மாதம் ஒருமுறையும், ஒப்பீட்டளவில் தூய்மையான விற்பனைக் கூடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கண்டன்சரைச் சுத்தம் செய்வது நியாயமான இடைவெளி. சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகு, தகடுகள் எந்தத் திசையில் நிற்கின்றனவோ அதே திசையில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்த தூசியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்க வேண்டும். குறுக்காகத் தேய்த்தால் தகடுகள் மடங்கிக் காற்றுவழியை அவையே அடைத்துவிடும். காற்றழுத்தக் குழாயால் ஊதினால் வேலை விரைவாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிசுக்குத் தூசி முழுவதும் சமையல் மேடையில்தான் போய் இறங்கும். பிசுக்கு கெட்டியாக இருந்தால் 'காயில்' எனப்படும் இந்தக் குழாய்-தகடு அமைப்பைக் கழுவுவதற்கென்றே உள்ள கரைசல் தேவைப்படும். அதைப் பயன்படுத்தும்போது ஃபேன் மோட்டாரிலும் மின் இணைப்புகளிலும் நீர் படக் கூடாது என்பதால், அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பெட்டி நிற்கும் இடமும் இதே கணக்கில்தான் வருகிறது. காட்சிப் பெட்டிகளுக்கான ஐஎஸ்ஓ 23953 என்ற பன்னாட்டுத் தரம், அவை எத்தகைய சுற்றுச்சூழலில் சோதிக்கப்பட்டன என்பதை வகுப்புகளாகப் பிரிக்கிறது: மூன்றாம் வகுப்பு என்பது 25 டிகிரி செல்சியஸும் 60 சதவீத ஈரப்பதமும், நான்காம் வகுப்பு 30 டிகிரியும் 55 சதவீதமும், ஐந்தாம் வகுப்பு 40 டிகிரியும் 40 சதவீதமும் கொண்டவை. 25 டிகிரி அறைக்கென வடிவமைத்த பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அது உழைக்கவில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை. வாங்கும்போது அளவையும் தோற்றத்தையும் விசாரிக்கிற நாம் இந்த வகுப்பை விசாரிப்பதேயில்லை. கையேட்டில் சொல்லியுள்ள இடைவெளியைப் பின்புறமும் மேற்புறமும் விட வேண்டும். கண்டன்சர் மேலே அமைந்த பெட்டிகளின் தலையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும்.

இனி உட்பக்கம். எவாப்பரேட்டர் ஃபேனிலிருந்து புறப்படும் குளிர்காற்று எல்லாத் தட்டுகளையும் சுற்றிவந்து மீண்டும் எவாப்பரேட்டர் காயிலுக்குத் திரும்ப வேண்டும். ஃபேனை மறைத்தபடி பாத்திரங்களை அடுக்கினாலும், தட்டுகளின் மேல் தாளையோ பிளாஸ்டிக்கையோ விரித்தாலும் அந்தச் சுற்று அறுபடுகிறது. பிறகு மேல்தட்டு உறைந்தும் கீழ்த்தட்டு வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது பலர் செய்வது, தெர்மோஸ்டாட்டைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி வைப்பது. அதனால் பெட்டி விரைவாகக் குளிர்வதில்லை. கம்ப்ரசரின் திறன் மாறாது. அது எங்கே ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற எல்லை மட்டுமே கீழிறங்குகிறது. ஓய்வில்லாமல் ஓடும் எவாப்பரேட்டரில் பனி உருக வாய்ப்பில்லாமல் கட்டி, காயில் முழுவதும் பனிப்பாளமாகி, இருந்த கொஞ்சக் காற்றும் நின்றுவிடும்.

சூடான உணவைப் பாத்திரத்தோடு உள்ளே வைப்பதும் இத்தகையதே. சேமிப்புக்கான பெட்டி, குளிர்ந்த பொருளைக் குளிர்ந்த நிலையில் காப்பதற்காகச் செய்யப்பட்டது. கொதித்த அண்டாவைக் குளிர்விக்க அதனால் இயலாது, அந்த முயற்சியில் அருகிலிருக்கும் மற்ற உணவுகளும் சூடேறும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் மாதிரி விதித்தொகுப்பு, சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும் என்கிறது. ஆழமான பாத்திரத்தில் இது நடவாது. அகலமான தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பியோ, பனிக்கட்டி நீரில் பாத்திரத்தை இறக்கிக் கிளறியோ சூட்டைத் தணித்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

டீப் ஃப்ரீசர்கள் பலவற்றில் பனிக்கட்டியைத் தானே உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரும், அதை நேரம் பார்த்து இயக்கும் டைமர் அல்லது கன்ட்ரோலரும் இருக்கும். இவற்றில் ஒன்று பழுதானாலும் பனி கட்டும். கதவின் ரப்பர் கேஸ்கெட் கிழிந்து ஈரக்காற்று புகுந்தாலும் பனி கட்டும். கேஸ்கெட்டைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் போதும். பிடிமானமே இல்லாமல் வழுக்கி வருகிற இடத்தில் காற்றும் போய்வருகிறது. கீல் இருக்கும் பக்கத்தையும் கீழ்மூலைகளையும் மறக்காமல் சோதிக்க வேண்டும். டிரெயின் குழாய் அடைத்து உள்ளே நீர் தேங்கினால், வெதுவெதுப்பான நீரை ஊற்றி வழியைத் திறந்துவிடலாம். ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது: உறைந்த பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ கொத்தக் கூடாது. பனிக்குப் பின்னால் இருக்கும் காயில் மென்மையானது. ஒரே குத்தில், அதுவரை குறையாத கேஸ் உண்மையிலேயே தீர்ந்துபோகும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. வினிகர் சேர்த்த உணவுகளையும் புளித்த பொருட்களையும் மூடாமல் வைத்தால், அவற்றின் அமில ஆவி செம்புக் குழாய்களை மெல்ல மெல்ல அரிக்கிறது. எவாப்பரேட்டரில் ஊசித்துளை போன்ற கசிவுகள் திரும்பத் திரும்ப வருகிற கடைகளில், மெக்கானிக்கை மாற்றுவதற்கு முன் பாத்திரங்களுக்கு மூடி போட்டுப் பார்க்க வேண்டும்.

கூலிங் குறைந்தது எப்போது என்று கேட்டால் 'இன்று காலையில்' என்ற விடைதான் கிடைக்கிறது. பெரும்பாலும் அது உண்மையன்று. கண்ணில் பட்டதுதான் இன்று காலையில். கதவின் மேலிருக்கும் டிஜிட்டல் எண், சென்சார் இருக்கும் ஓரிடத்துக் காற்றின் வெப்பநிலையை மட்டுமே காட்டும். உணவின் நிலையை அறிய, ஒரு பாட்டிலில் நீரை நிரப்பி அதில் தெர்மோமீட்டரை இட்டு, பெட்டியின் மிகச் சூடான இடத்தில், பொதுவாகக் கதவோரத்தில், நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். அந்தத் தெர்மோமீட்டர் சரியா என்பதை நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் இட்டுப் பார்க்கலாம்; 0 டிகிரி காட்ட வேண்டும். காலையில் திறக்கும்போதும் இரவில் மூடும்போதும் அந்த எண்ணை நோட்டில் எழுதி வந்தால், 3 டிகிரியில் இருந்த பெட்டி மெதுவாக 5, 6 என்று ஏறுவது பல நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும். குளிர்ப்பெட்டிக்கு 5 டிகிரியும் உறைபெட்டிக்கு மைனஸ் 18 டிகிரியும் பரவலாக ஏற்கப்பட்ட எல்லைகள். நோய் உண்டாக்கும் லிஸ்டீரியா போன்ற பாக்டீரியா குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையிலேயே மெதுவாக வளரக்கூடியது. ஒவ்வொரு டிகிரி ஏற்றமும் அதற்குச் சாதகமாகிறது, உணவின் மணத்திலோ நிறத்திலோ அது தெரிவதுமில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் பெரிய பெட்டியை ஓட்டக் கூடாது. மின்சாரம் போய் வந்தவுடன், உள்ளழுத்தம் சமநிலைக்கு வராத நிலையில் கம்ப்ரசர் புறப்பட முயன்றால் திணறும் என்பதால், மூன்று நிமிடமாவது தாமதித்து இணைப்புத் தரும் ஸ்டெபிலைசர் இருப்பது நல்லது.

கசிவு உண்மையாகவே இருக்கும்போது, வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது உரிமையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றிச் சோப்பு நீரால் கசிவிடத்தைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு, குழாயில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரைப் புதிதாக மாற்றி, வாக்குவம் பம்பால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் 500 மைக்ரான் (வாக்குவத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கீழே இழுத்து, அந்த வாக்குவம் நிலைத்து நிற்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்து, பெயர்ப்பலகையில் அச்சிட்ட எடையைத் தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். தராசைக் கொண்டுவராமல் குழாயைத் தொட்டுப் பார்த்து 'டாப்-அப்' செய்கிறவரிடம் தயங்காமல் காரணம் கேளுங்கள். கேஸின் வகையையும் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-404ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 3,900 மடங்கு புவியைச் சூடாக்கும் தன்மை கொண்டது. இத்தகைய கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கவே 2016-இல், ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குக் கிகாலி திருத்தம் ஏற்கப்பட்டது. ஆர்-404ஏ-இன் இடத்தில் இப்போது பல பெட்டிகளில் வரும் ஆர்-290 என்பது புரோப்பேன், தீப்பற்றக் கூடியது. சமையல் கேஸில் கசிவு தெரியச் சேர்க்கப்படும் வாடை இதில் இல்லை. அந்தப் பெட்டிகளில் வேறு கேஸைக் கலப்பதும், கேஸை வெளியேற்றாமல் குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைப்பதும், அதற்குரிய பயிற்சி இல்லாதவர் கை வைப்பதும் விபத்தில் முடியும்.

பழுது நீங்கிய அன்றே பெட்டியை நிறைத்துவிடும் அவசரம் பல கடைகளில் இருக்கிறது. காலியாக ஓடவிட்டு, பாட்டிலில் இருக்கும் தெர்மோமீட்டர் குறித்த வெப்பநிலைக்கு இறங்கி, கம்ப்ரசர் தானாக ஒருமுறை நின்று மறுபடி புறப்பட்டதைப் பார்த்த பிறகு, ஏற்கெனவே குளிர்ந்த பொருட்களை முதலில் வைத்து, மற்றவற்றைச் சிறிது சிறிதாக அடுக்குங்கள்.