வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பு: ஐந்தரை சென்டிமீட்டர் வரை பொறுக்கச் சொல்வது ஏன்?

1948 இறுதியில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்து பார்த்த அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசன், உள்ளே பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் முதன்மைக் குழாய், பெரிதாகப் புடைத்திருப்பதைக் கண்டார். புடைத்த பகுதியை வெட்டிவிட்டு வேறு குழாய் பொருத்தும் வழி அன்று கிடையாது. அதனால் புடைப்பின் மேல் செலோஃபேன் தாளைப் போர்த்தி வயிற்றைத் தைத்துவிட்டார். பொட்டலம் சுற்றுகிற அதே கண்ணாடித் தாள்தான். அந்நியப் பொருளைக் கண்டால் உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவை வளர்க்கும். அந்தத் தழும்பு சுவருக்கு முட்டுக் கொடுக்கும் என்பது கணக்கு. ஆறு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. 1955 ஏப்ரலில் புடைப்பு வெடித்தது. அதற்குள் அறுவைமுறை வந்துவிட்டது; 1951-லேயே பாரிஸில் சார்ல் துபோ செய்து காட்டியிருந்தார். ஐன்ஸ்டைன்தான் வேண்டாம் என்றுவிட்டார்.

வயிற்றுப் பெருந்தமனியின் இயல்பான அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கு அனியூரிசம் என்று பெயர். வயது, புகை, உயர் ரத்த அழுத்தம், பரம்பரை எல்லாம் சேர்ந்து சுவரிலுள்ள எலாஸ்டின், கொலாஜன் இழைகளை நைந்துபோகச் செய்கின்றன. சைக்கிள் ட்யூபில் நைந்த இடம் மட்டும் உப்புவது போல, அந்த இடம் வெளியே தள்ளும். குழாய் அகலமாக அகலமாக, அதே ரத்த அழுத்தத்தில் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் கூடும். அகலம் இரட்டித்தால் இழுவிசையும் இரட்டிக்கும். சுவர் மெலிந்திருந்தால் இன்னும் மோசம். பெருத்தது மேலும் பெருப்பது இதனால்தான். வெடிக்கும்வரை வலி பெரும்பாலும் இராது. வெடித்தால் ஐந்தில் நான்கு பேர் வரை பிழைப்பதில்லை.

அப்படியானால் கண்டதும் வெட்டிவிட வேண்டியதுதானே? நாலரை சென்டிமீட்டர் என்று ரிப்போர்ட் வந்தவரை “சரி, மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று அனுப்பினால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பிரிட்டனில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 4 முதல் 5.5 சென்டிமீட்டர் வரை புடைப்புள்ள 1090 பேரில் ஒரு பாதிக்கு உடனே அறுவை; மறுபாதிக்கு ஸ்கேன் மட்டும், வளர்ந்தால் அறுவை. 1998-இல் முடிவு வந்தது: உடனே அறுத்ததால் ஆயுள் கூடவில்லை. அறுவைக்குப் பிறகு 30 நாளுக்குள் இறந்தவர்கள் 5.8 சதவீதம். சின்னப் புடைப்போ ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் வெடிக்கிறது. எந்த ஆபத்து பெரிது என்ற கணக்கு ஐந்தரையை ஒட்டித்தான் திரும்புகிறது. பெண்களுக்கு இதைவிடச் சின்ன அளவிலேயே வெடிக்கக்கூடும் என்பதால் 5 சென்டிமீட்டரிலேயே யோசிப்பார்கள். வேகமாக வளர்ந்தாலோ வலித்தாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

1990-இல் புவனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி வேறு வழி காட்டினார். தொடை இடுக்குத் தமனி வழியாக, மடித்த ஸ்டென்ட் கிராஃப்டை, அதாவது உலோகச் சட்டம் வைத்த துணிக் குழாயை, புடைப்புக்குள் கொண்டுபோய் விரித்தார். இம்முறையில் பை போலப் புடைத்த பகுதியை வெட்டுவதே இல்லை. ரத்தம் புதுக் குழாய்க்குள் ஓட, வெளியே நிற்கும் பழைய பையில் அழுத்தம் குறைகிறது. நோயாளி சில நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் விளிம்பிலோ கிளைத் தமனிகள் வழியாகவோ ரத்தம் பைக்குள் மறுபடி கசியக்கூடும். அதனால் ஆயுள் முழுக்க ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; இதைப் பலர் காதில் வாங்குவதில்லை.

புடைப்பைச் சுருக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. சிகரெட்டை விட்டால் வளர்ச்சி மட்டுப்படும். புகைபிடித்த பழக்கமுள்ள 65 வயதைத் தாண்டிய ஆண்களும், உடன்பிறந்தவருக்கு இந்த நோய் உள்ளவர்களும் ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்வது நல்லது. ஊசி, வலி எதுவும் கிடையாது. சில நிமிட வேலைதான்.