முதல் ஐந்து நிமிடங்கள் பேசுவது யார்?

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நான், பிறர் வகுப்புகளின் கடைசி வரிசையில் அமர்ந்து கவனிப்பது வழக்கம். அண்மையிலும் அதே காட்சிதான்: ஆசிரியர் நுழைந்தார், விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டார், எவரும் வாய் திறப்பதற்குள் பதிலையும் தாமே சொல்லிவிட்டு, "இவர்களுக்குப் பேச வராது" என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இலக்கணமும் சொல்வளமும் போதிய அளவு சேர்ந்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை இன்னும் எத்தனை முறைதான் மறுப்பது? கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு வழியாகவே படித்த, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை ஆராய்ந்த மொழிக்கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின், ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிப் புரிந்துகொள்வதில் தேர்ந்தவர்கள்கூடத் தாமாகப் பேசும்போதும் எழுதும்போதும் பின்தங்கியே இருந்ததை 1985-இல் எடுத்துக்காட்டினார். கையிலிருக்கும் கொஞ்சம் சொற்களைக் கொண்டு ஒன்றைச் சொல்ல முயன்று தடுமாறும்போதுதான், தமக்கு எந்தச் சொல் இல்லை என்பதே மாணவருக்குத் தெரியவரும். அந்தத் தடுமாற்றத்தை நாம் இடையில் புகுந்து பறித்துக்கொள்கிறோம். இறந்தகால வினைகளைப் பிழையின்றி எழுதுபவர், நேற்று என்ன சாப்பிட்டார் என்று சொல்லத் திணறுவதைப் பார்க்காத ஆசிரியர் உண்டா? பார்த்தும், கையில் கொடுப்பது என்னவோ இன்னொரு இலக்கணப் பயிற்சித்தாள்தான்.

கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பது ஏறத்தாழ 1 வினாடிதான் என்பதை அறிவியல் வகுப்புகளில் பதிவுசெய்த கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, அதை 3 வினாடியாக நீட்டியபோது பதில்களும் நீண்டதாகக் கண்டார். அயல்மொழியில் பதிலைக் கோத்தெடுக்க அதைவிடக் கூடுதலாகவே நேரம் வேண்டும்.

எல்லோரையும் பார்த்துக் கேட்ட கேள்விக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. ஆகவே வகுப்பின் முதல் ஐந்து நிமிடங்களுக்கு மாணவர்களை இருவர் இருவராக அமர்த்துங்கள். ஒருவர் கையில் ஓர் அறையின் படம், மற்றவர் கையில் சில வேறுபாடுகளுடன் அதே அறை. படத்தைக் காட்டாமல், கேட்டுக் கேட்டே வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். பூனை நாற்காலியின் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது உண்மையிலேயே தெரியாததால் கேட்பார்கள். "நலமா?" என்ற சடங்குக் கேள்வியில் அந்தத் தேவை இல்லை.

அந்த ஐந்து நிமிடங்களில் தயவுசெய்து எவரையும் திருத்தாதீர்கள். பிழைகளைக் குறித்துக்கொண்டு, முடிவில் இரண்டை மட்டும், யாருடையவை என்று சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். வருகைப்பதிவைப் பிறகு எடுக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர் சில வாரங்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் எழுப்பி நிறுத்த வேண்டாம். இணையர் பேச, அவர் படத்தைச் சுட்டிக்காட்டினாலே போதும். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பார் முறையிடுவார்களே என்று அஞ்சுபவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.