சூனியக்காரி அல்ல, மந்திரக்காரி

ஆங்கிலத்தில் ‘விட்ச்’ என்று ஒரு சொல். மட்டக்களப்பில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றி வாசிக்கும் இளையோர் ஃபான்டசி நாவல்கள் பலவற்றில் இன்று அவள்தான் நாயகி. பதினேழு வயது இருக்கும். அம்மம்மாவிடம் கற்ற மூலிகை வைத்தியம், கைக்குள் அடங்காத ஒரு சக்தி, தன்னைப் பிடிக்க அனுப்பப்பட்டவன் மேலேயே காதல். இந்தக் கதையைத் தமிழில் சொல்ல வருகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர் முதல் யூடியூபில் நூல் அறிமுகம் செய்கிறவர் வரை, யோசிக்காமல் ‘சூனியக்காரி’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘அழகான இளம் சூனியக்காரியின் காதல்’ என்று அண்மையில் ஓர் அறிமுகம் வாசித்தேன். அழகு சரி, இளமை சரி, காதலும் சரி. சூனியம் எங்கிருந்து வந்தது?

சொல்லின் பிறப்பை விரைவாகப் பார்த்துவிடுவோம். பழைய ஆங்கிலத்தில் ‘விச்சே’ என்பது பெண்பால், ‘விச்சா’ ஆண்பால். அதிலிருந்து வந்தது விட்ச். சூனியம் வடமொழிச் சொல்: வெறுமை, பாழ், பூச்சியம். பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனரின் சூனியவாதமும் இதே சொல்தான். ஒரு குடும்பத்தைப் பாழாக்கச் செய்கிற வினைக்கும் தமிழில் அதே பெயர் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் இது அகராதிச் சொல் அல்ல, குற்றச்சாட்டு. ‘அவள் சூனியம் வைச்சிட்டாள்’ என்று ஒரு வாய் சொன்னால் இரண்டு குடும்பம் ஆயுளுக்கும் முகம் பார்க்காது. வளவுக்குள் தகடு புதைத்தது, முட்டை புதைத்தது என்று பேச்சு வளரும். அதை எடுக்கக் கட்டாடியார் வருவார், உடுக்கு அடிப்பார், கழிப்புக் கழிப்பார். அவரும் மந்திரம் தெரிந்தவர்தான், ஆனால் அவரை யாரும் சூனியக்காரர் என்று அழைப்பதில்லை. கோவில் சடங்கில் தெய்வம் ஆடி வாக்குச் சொல்லும் பெண்ணையும் அப்படிச் சொல்வதில்லை. சொன்னால் அடி விழும். கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம்கள் ‘சிஹ்று’ என்பார்கள். அதுவும் ஒருவர் இன்னொருவர் மேல் போடுகிற பழிதான். ‘நான் சூனியக்காரி’ என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்ட பெண்ணை எங்கள் வாவியின் எழுவான்கரையிலும் காணோம், படுவான்கரையிலும் காணோம். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லிச் சொல்லியே எங்கள் பெண்களுக்கு இந்தப் பெயர் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அது விருந்தோம்பலைச் சொன்னது என்று நாங்கள் விளக்கம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

விட்ச்சும் ஒரு காலத்தில் பழிச்சொல்தான். அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் அந்தப் பெயரைச் சுமத்தி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஐரோப்பாவில் அந்த வேட்டையில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்பது வரலாற்றாளர் கணக்கு. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சொல் புரண்டு படுத்தது. பெண்கள் அதைத் தாங்களே எடுத்து அணிந்துகொண்டார்கள். நாவலின் நாயகி தலை நிமிர்ந்து ‘நான் விட்ச்’ என்று சொல்வதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. சூனியக்காரி என்ற சொல் அந்தப் பயணத்தைப் போகவே இல்லை. அதனால்தான் தமிழில் அவள் அதைச் சொல்லும்போது, ‘நான் குடி கெடுப்பவள்’ என்று பெருமையடிப்பது போல இருக்கிறது.

சரி, வேறு என்ன சொல் என்று கேட்டால் தனித்தமிழ் அன்பர்கள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்: ‘மாயோள்’. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மாயம் செய்பவள் மாயோள், எவ்வளவு அழகான ஆக்கம் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். இது ஆக்கமே அல்ல. ஈராயிரம் ஆண்டாக இருக்கிற சொல். பொருள் மட்டும் வேறு. மாயோள் என்றால் மாநிறப் பெண், கருமை கலந்த அழகி. மாயோன் என்று திருமாலைச் சொல்வது அவர் மாயவித்தை காட்டியதற்காக அல்ல, நிறத்துக்காக. குறுந்தொகை 9ஆம் பாட்டு ‘யாய் ஆகியளே மாஅயோளே’ என்று தொடங்குகிறது. கணவன் செய்த பிழையைத் தோழியர் முன்னும் சொல்ல நாணி மறைக்கிற இல்லாளைத் தோழி அப்படிச் சொல்கிறாள். இவர்கள் கணக்குப்படி அந்தத் தலைவி மந்திரக்கோலை முந்தானையில் ஒளித்து வைத்திருந்தவளா? இப்படியே போனால் அகப்பாட்டுத் தலைவிகளில் கால்வாசிப் பேரைச் சேலத்துக்கு அனுப்ப வேண்டி வரும். புதுச்சொல் வேண்டுமென்றால் புதிதாகச் செய்யுங்கள். இருக்கிற நல்ல சொல்லின் பொருளைப் பிடுங்கிவிட்டு அதற்குத் தூய்மை என்று பெயர் வைக்காதீர்கள்.

‘மாயக்காரி’ என்று ஒரு கட்சியும் உண்டு. அவர்கள் திருக்குறளில் விலைமாதரைப் பற்றிய வரைவின் மகளிர் அதிகாரத்தை ஒரு தடவை புரட்டினால் போதும். 918ஆம் குறளில் ‘மாய மகளிர்’ யார் என்று தெரியும். அதே குறளில் ‘அணங்கு’ம் வருகிறது, அதையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அணங்கு வருத்துகிற தெய்வம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டு நடுவில் காதலிக்கிற பிள்ளைக்கு அது பெரிய சட்டை.

எனக்கே ஆசையான சொல் ‘கட்டுவிச்சி’. பழைய அகப்பாட்டுகளில் சுளகில் நெல்லைப் பரப்பி, எண்ணி, மகளின் உடம்பு ஏன் மெலிகிறது என்று தாய்க்குக் குறி சொல்கிறவள். அவள் அதை முருகன் வேலை என்பாள், உண்மையில் அந்த நோய் காதல்தான். காதலையும் மந்திரத்தையும் ஒரே சுளகில் வைத்த பாத்திரம் இவளைப் போல் வேறு இல்லை. சுளகு என்ற சொல்லும் எங்கள் அடுக்களையில் இன்னும் இருக்கிறது. ஆனாலும் அவள் தொழில் குறி பார்ப்பது மட்டும். புயலை எழுப்பமாட்டாள், பூட்டைத் திறக்கமாட்டாள். நாவலில் வருகிற குறிகாரிக்கு அவளை வைத்துக்கொள்ளலாம், நாயகிக்கு ஆகாது.

ஆகவே மந்திரக்காரி. தயிர்க்காரி, அப்பக்காரி, மந்திரக்காரி, யாருக்கும் விளங்கும். மந்திரம் வடசொல் ஆயிற்றே என்று முகம் சுளிக்கிறவர்களுக்குத் தொல்காப்பியச் செய்யுளியலே பதில் வைத்திருக்கிறது: ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.’ தொல்காப்பியர் எடுத்து ஆண்டதை நாம் தொடக்கூடாதாம்! அந்த வரியில் இந்த நாவல்களின் விதியே இருக்கிறது: வாயால் சொன்னது நடக்கும், சொல்கிறவருக்கு அந்தத் தகுதி இருந்தால்.

சூனியக்காரியை அடியோடு தூக்கி எறியச் சொல்லவில்லை. அது நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: அவளை வேட்டையாடுகிறவனின் வாய். முதல் அத்தியாயத்தில் அவன் ‘சூனியக்காரி’ என்கிறான். ஊரார் அப்படித்தான் கத்துகிறார்கள், நீதிமன்ற ஓலையிலும் அப்படித்தான் இருக்கிறது. கதைசொல்லியும் அவளுடைய ஆட்களும் மந்திரக்காரி என்கிறார்கள். பகையில் தொடங்கிக் காதலில் முடிகிற கதைகளில், இருநூறாவது பக்கத்தில் அவன் வாயில் முதல் தடவையாக ‘மந்திரக்காரி’ வந்துவிட்டால் வாசிக்கிற பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிடும். ஆங்கில ஆசிரியர் இரண்டு இடத்திலும் போடுவது விட்ச் என்ற ஒரே சொல். இதை அவர் குரலையும் தொனியையும் வைத்துத்தான் காட்ட வேண்டும். எங்களுக்கு இரண்டு இருந்தும் மொழிபெயர்ப்பாளர் ஒன்றை அள்ளி எல்லா இடத்திலும் கொட்டுகிறார். பிறகு ‘உலகக் கட்டுமானம் பலவீனமாக இருக்கிறது’ என்று விமர்சனம் வேறு. ஆசிரியர் கற்பனையில் ஓர் உலகத்தை எழுப்புவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கட்டுமானம் என்றால் எனக்குச் சீமெந்துதான் ஞாபகம் வருகிறது. புனைவுலகம் என்றால் என்ன குறைந்துவிடும்? ஓர் உலகத்தில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதைத் தொலைத்துவிட்டு, அரண்மனையையும் நிலப்படத்தையும் மட்டும் பெயர்த்தால் அந்த உலகம் எப்படி நிற்கும்?

இன்னும் சில உண்டு. ‘காதல் பானம்’ என்று எழுதுகிறார்கள், சோடா மாதிரி. வசிய மருந்து என்ற சொல் ஊரெல்லாம் இருக்கிறது. அதில் ஒருவரின் மனதை அவர் சம்மதமில்லாமல் திருப்புகிற குற்றமும் சேர்ந்தே கேட்கும். நாவலில் அவள் அதைக் காய்ச்ச மறுக்கிற காட்சிக்கு அந்தக் குற்றம் கேட்கத்தான் வேண்டும். அப்புறம் அவள் பறக்கிற வாகனம். தமிழ்நாட்டுப் பதிப்புகளில் அது ‘துடைப்பம்’. துடைப்பத்துக்கு ஏது காம்பு, அவள் எதில் ஏறி உட்காருவாள்? எங்கள் வீட்டு மூலையில் நிற்கிற தும்புத்தடிக்கு ஓர் ஆள் உயரத்தில் தடி இருக்கிறது.