விழுங்கவா, உறிஞ்சவா, வைக்கவா? ‘டேக்’ என்ற சொல்லும் என் மருந்துக் கவுன்டரும்

அந்தப் பெரியவர் பத்து நாளாகக் கேப்சூலை விழுங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்துமா. இளைப்பு கொஞ்சமும் குறையவில்லை என்று திரும்பவும் என் கவுன்டர் முன்னால் வந்து நின்றார்.

“வேளை தவறாம போட்டுட்டுதான் இருக்கேன் தம்பி. ஒண்ணும் கேக்கல.”

“எப்படிப் போடுறீங்க ஐயா?”

“வெந்நீர்லதான்.”

அது விழுங்குகிற கேப்சூல் அல்ல. அதற்கென்று உள்ள சின்னக் கருவிக்குள் வைத்துத் திருகினால் கேப்சூல் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் பொடியை வாயால் பலமாக இழுத்து நுரையீரலுக்கு அனுப்ப வேண்டும். கருவி எங்கே என்று கேட்டேன். “அந்த பிளாஸ்டிக் சாமானா? பேரன் வச்சு விளையாடிட்டு இருக்கான்” என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். ‘டேக் ஒன் கேப்சூல், பி.டி.’ என்று இருந்தது. கல்லூரியில் படிக்கும் பெரிய பேரன் அதைப் படித்து, ‘ஒரு கேப்சூல், ரெண்டு வேளை எடுத்துக்கணும்’ என்று தாத்தாவுக்குச் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. பிழை யாருடையது என்று கேட்டால், கருவியைக் கையில் கொடுத்துவிட்டு எப்படி இழுப்பது என்று காட்டாமல் அனுப்பிய எங்கள் கவுன்டருடையது என்றுதான் சொல்வேன். படித்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள். இப்படி உறிஞ்ச வேண்டிய இரண்டு மருந்துகளின் கேப்சூலை மக்கள் விழுங்கிவிடுகிறார்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2008இல் எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து இந்த ‘டேக்’ என்ற வினைச்சொல் மேல் எனக்கு ஒரு கண். நான் மொழி படித்தவன் அல்ல, பி.ஃபார்ம் படித்தவன். ஆனால் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கையில் வந்து விழும் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா?

முதலில் தெரிந்த விஷயமே வேடிக்கையானது. இது ஆங்கிலேயர்களின் சொந்தச் சரக்கு அல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘எடு’ என்பதற்கு ‘நிமன்’ என்று வேறொரு சொல் இருந்தது. ஜெர்மானியர்கள் இன்றும் அதன் உறவுச் சொல்லான ‘நேமன்’ என்பதைத்தான் சொல்கிறார்கள். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளையர்கள், பிறகு அந்த நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, 1016இல் கனூட் என்ற தங்கள் ஆளை அரசனாகவே ஆக்கிவிட்டார்கள். அவர்களுடைய மொழியில் ‘டாக்கா’ என்று இருந்த சொல், 1100ஐ ஒட்டிய காலத்திலேயே ஆங்கில எழுத்தில் தலைகாட்டி, அடுத்த சில நூற்றாண்டுகளில் ‘நிமன்’ இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொள்ளையடிக்க வந்தவர்கள் ஊராருக்கு விட்டுப்போன சொல் ‘எடு’. இதைவிடப் பொருத்தமாக எது இருக்க முடியும்!

தோற்ற ‘நிமன்’ முழுக்க மறைந்துவிடவில்லை. மரத்துப்போவதை ஆங்கிலத்தில் ‘நம்ப்’ என்கிறார்கள் அல்லவா, அது இந்த நிமன் வழியில் வந்ததுதான். ‘பிடித்துக்கொள்ளப்பட்டது’ என்று பொருள். பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு கன்னம் மரத்து உட்கார்ந்திருக்கும்போது, ஆங்கிலத்தின் பழைய ‘எடு’ உங்கள் தாடையில்தான் இருக்கிறது.

டாக்காவுக்கும் முன்னால் போனால், காதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் அதற்கு நெருங்கிய சொல் ஒன்று இருக்கிறது. அங்கே அதன் பொருள் ‘தொடு’. தொட்டது பிடித்ததாகி, பிடித்தது எடுத்ததாகியிருக்கிறது. அப்புறம் அதற்குக் கணக்கே இல்லை. போட்டோவை ‘டேக்’ செய்யலாம், பரீட்சையை, பஸ்ஸை, லீவை, ஒருவருடைய பெயரை, மூச்சை, உயிரை எல்லாம் செய்யலாம். ‘ஆஃப்’ சேர்த்தால் விமானம் கிளம்பும், சட்டை கழலும், ஒரு மருந்தும் நிற்கும். ‘அந்த மாத்திரையை டாக்டர் டேக் ஆஃப் பண்ணச் சொன்னார்’ என்று ஒரு தம்பி வந்து இரண்டு அட்டை கேட்டதுண்டு. நிறுத்தச் சொன்ன மாத்திரை அது.

மருந்துச் சீட்டின் தலையில் ஒரு குறி இருக்குமே, ஆங்கில ‘ஆர்’ எழுத்தின் காலில் குறுக்குக் கோடு போட்டது? அது வியாழன் கிரகத்தின் சின்னம் என்று ஒரு கதை உலவுகிறது. நம்ப வேண்டியதில்லை. ‘ரெசிபே’ என்ற லத்தீன் ஏவலின் சுருக்கம் அது. பொருள்: ‘எடுத்துக்கொள்’. அந்தக் காலத்தில் அது நோயாளிக்குச் சொன்னதல்ல, மருந்து கலப்பவருக்குச் சொன்னது. இந்தச் சரக்கில் இவ்வளவு எடு, அந்தச் சரக்கில் இவ்வளவு எடு, சேர்த்து அரை என்று. சமையல் குறிப்பை ‘ரெசிபி’ என்கிறோமே, அது வைத்தியரிடமிருந்து அடுப்படிக்குப் போன சொல். நாம் பில்லை ‘ரிசீட்’ என்பதும் அதே லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆனால் நம்முடைய ‘ரசீது’ பாரசீகத்திலிருந்து வந்தது. ஓசை ஒத்துப்போனதோடு சரி, இரண்டுக்கும் உறவில்லை.

மூன்று வேளை என்பதற்கு டாக்டர்கள் எழுதும் ‘டி.டி.எஸ்.’ இருக்கிறதே, அதன் கடைசி ‘எஸ்’ஸும் ‘உட்கொள்ள வேண்டியது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்தான். ஆக, சீட்டின் தலையிலும் எடு, நடுவிலும் எடு, கடைசியிலும் எடு. எப்படி எடுப்பது என்பதை மட்டும் எதுவும் சொல்லவில்லை.

இந்த லத்தீன் சுருக்கங்களால் வரும் வம்பு தனி. ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதினால் ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று பொருள். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபாயச் செய்தி என்று நினைத்து, உயிர் போகிற வலி வந்தால்தான் தொட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். ‘ஓ.டி.’ நம் ஊரில் ஒரு நாளைக்கு ஒரு முறை. அதே எழுத்துகள் கண் மருத்துவத்தில் வலது கண். ஆங்கிலத்தில் முழுசாக எழுதினாலும் நிம்மதியில்லை. ஒருமுறை என்று பொருள்படும் ‘ஒன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை ஸ்பானிய மொழிக்காரர் படித்தால் அது பதினொன்று!

சரி, தமிழில் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. நம் ஊரில் மருந்தை யாரும் ‘எடுத்துக்கொள்வது’ இல்லை. அது ‘டேக்’கைப் பார்த்து எழுதிய தமிழ். நாம் மாத்திரை போடுவோம். ஊசி போடுவோம், சொட்டு மருந்து போடுவோம், களிம்பு போடுவோம், கட்டுப் போடுவோம். ‘போடு’ ஒன்றே வாய்க்கும் கண்ணுக்கும் தோலுக்கும் நரம்புக்கும் பொது. ‘டேக்’குக்கு நாம் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை. பிறப்புறுப்பில் வைக்க வேண்டிய பூஞ்சைத் தொற்று மாத்திரையை ‘ராத்திரி ஒண்ணு போடுங்க’ என்று சொல்லிக் கொடுத்தால் வாயில்தான் போடுவார்கள். வேறு எங்கே போடுவார்கள்? சொல்லக் கூச்சப்பட்டது நாம், விழுங்கியது அவர்கள்.

‘குடி’ என்பதில் இன்னொரு கண்ணி. டானிக்கைக் குடி என்று சொல்வோம். ஆனால் கிராமத்தில் ‘அவ மருந்தைக் குடிச்சிட்டா’ என்று யாராவது ஓடிவந்தால் அது டானிக் இல்லை, வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. ‘மருந்து வச்சிட்டாங்க’ என்றால் அது வசிய விவகாரம். ஒரே மருந்து, பக்கத்தில் நிற்கும் வினையைப் பொறுத்து வைத்தியம், விஷம், மாந்திரீகம் என்று மாறிவிடுகிறது.

‘டேக்’கின் மூத்த பொருள் தமிழில் எங்கே இருக்கிறது என்று தேடினால், என் கணிப்பில் அது ‘எடு’வில் இல்லை, ‘பிடி’யில் இருக்கிறது. வயதானவர்களின் மேற்கையில் அம்மைத் தடுப்பூசித் தழும்பைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் குத்திய ஆறு முதல் எட்டு நாளில் அந்த இடம் கொப்புளித்திருக்கிறதா என்று சுகாதார ஊழியர் வந்து பார்ப்பார். கொப்புளித்திருந்தால் அதற்கு ஆங்கில மருத்துவச் சொல் ‘டேக்’. ஊசி ‘பிடித்துக்கொண்டது’ என்று அர்த்தம். தோல் ஒட்டு அறுவை செய்த இடத்திலும் இதே சொல். மாங்கன்று ஒட்டுக்கட்டும் நம் ஆட்கள் ‘ஒட்டு பிடிச்சிருச்சு’ என்பார்கள். சளி பிடிக்கிறது, நாற்று வேர் பிடிக்கிறது. எல்லாம் அந்தப் பழைய ‘தொட்டுப் பற்றிக்கொள்ளும்’ பொருள்தான்.

வேடிக்கை போதும். ‘எப்படி’ என்று கேட்காமல் விட்டதால் நடக்கும் விபரீதங்களில் என்னை மிகவும் பயமுறுத்துவது மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மாத்திரை. வாரத்துக்கு ஒரே நாள்தான். பழக்க தோஷத்தில் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கும், வாயெல்லாம் புண்ணாகும், உயிரே போகலாம். பல நாடுகளில் போயிருக்கிறது. அதனால் அந்த மாத்திரை கொடுக்கும்போது கவரில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் எழுத மாட்டேன். எந்தக் கிழமை என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, ‘வியாழன் மட்டும்’ என்று எழுதுவேன்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் இப்படித்தான். விழுங்கினால் அது குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய்ப் பெரும்பகுதி சிதைந்துவிடும், மிச்சம் வேலை செய்யவும் நேரமாகும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் அவ்வளவு நேரம் இல்லை. எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தைராய்டு மாத்திரையைக் காலைக் காபியோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருக்கும் மாத்திரைகள் மெதுவாகக் கரைவதற்கென்று செய்தவை. விழுங்க முடியவில்லை என்று பாட்டிக்கு நுணுக்கிக் கொடுத்தால் நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கும். இத்தனைக்கும் சீட்டில் ஒரே சொல்தான்.

அட்டையைப் பார்த்தால் தெரியுமே என்பீர்கள். பெரும்பாலான அட்டைகளில் ‘மருத்துவர் சொன்னபடி’ என்ற ஒரு வரிதான் இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கென்று 2014 முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்1 பட்டியலில் உள்ளவற்றில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு எச்சரிக்கை உண்டு: மருத்துவ ஆலோசனையின்றி இதை உட்கொள்வது ஆபத்து என்று. அதிலும் ‘டேக்’. அதுவும் ஆங்கிலத்தில்.

அமெரிக்காவில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வை எங்கள் கடைக்கு வரும் பயிற்சி மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். ‘இரண்டு மாத்திரை, வாய் வழியாக, தினம் இரண்டு முறை’ என்ற லேபிளை 395 பேரிடம் காட்டினார்கள். குறைந்த எழுத்தறிவு உள்ளவர்களில் 70.7 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணி வையுங்கள் என்றபோது நான்கை எடுத்து வைத்தவர்கள் 34.7 சதவீதம்தான். வாய் சொல்கிறது, கை தடுமாறுகிறது. நான் பார்த்தவரை நம் ஊரிலும் இதே கதைதான். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவது மரியாதை.

அதனால் இப்போதெல்லாம் ‘புரிஞ்சுதா’ என்று கேட்பதையே விட்டுவிட்டேன். ‘வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க’ என்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். நீங்களும் எந்தக் கடையிலும் இதைக் கேட்கலாம்: இதை விழுங்கணுமா, சப்பணுமா, வைக்கணுமா, இழுக்கணுமா? தினமுமா, வாரத்துக்கா? எப்போது நிறுத்தணும்? சிரிக்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம், பதில் சொல்வதற்குத்தான் எங்களைப் படிக்க வைத்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்த ஆஸ்துமா ஐயாவைக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் அழைத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். புதுக் கருவியில் கேப்சூலை வைத்துத் திருகி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கிக் காட்டச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாகச் செய்தார். ஸ்டீராய்டு கலந்த பொடி என்பதால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

கருவியைத் திறந்தார். உள்ளே கேப்சூலின் காலிக் கூடு இரண்டு துண்டாகக் கிடந்தது. அதை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“இது மிஞ்சுதே தம்பி. இதை வெந்நீர்ல போட்டுக்கவா?”

“குப்பையில போடுங்க ஐயா.”