கொடைக்கானலில் வாங்கிய ஒயின் வத்தலக்குண்டில் ஏன் வெடித்தது?

கொடைக்கானலில் ஒரு விடுதியின் பார் என் பொறுப்பில் இருக்கிறது. சீசன் வந்தால் போதும், தங்க வருகிறவர்கள் கையில் ஒரு பாட்டிலோடு வந்து, "அண்ணா, இது நல்ல ஒயினா, பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். வீட்டில் செய்தது என்று சொல்லி விற்கப்படும் பாட்டில் அது. லேபிளில் திராட்சைக் கொத்து படம் இருக்கும். ஆல்கஹால் எத்தனை சதவீதம், யார் தயாரித்தது, உரிமம் உண்டா என்பதெல்லாம் இருக்காது.

போன மே மாதம் ஒரு குடும்பம் அப்படி மூன்று பாட்டில் வாங்கிக்கொண்டு மலை இறங்கியது. வத்தலக்குண்டு வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனபோது, பின்சீட்டில் இருந்த ஒன்று வெடித்துவிட்டது. நல்லவேளையாக, குழந்தைகள் இறங்கியிருந்தார்கள். அன்று மாலையே எனக்குப் போன் செய்து, "எதையாவது கலந்திருப்பாங்களா சார்?" என்று கேட்டார்கள்.

கலந்தது சர்க்கரைதான். பழச்சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் 1 சதவீதம் ஆல்கஹால் சேரும். முழுதாகப் புளித்து முடிந்த ஒயினில் இனிப்பு அநேகமாக மிஞ்சாது. ஆனால் நம் ஆட்கள் இனிப்பைத்தான் கேட்கிறார்கள். அதனால் ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே மேலே சர்க்கரையைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில் ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும். கீழே சூடு பட்டதும் சுறுசுறுப்பாகிவிடும். ஏற்கெனவே கரைந்திருந்த வாயுவும் கிளம்பும். வெளியேற வழி ஏது?

"எல்லாம் திராட்சைதானே, எதில் ஒயின் செய்தால் என்ன?" என்பார்கள். இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சாப்பிட அதற்கு ஈடாக எனக்கு வேறு பழம் இல்லை. ஆனால் சதைப்பற்றும் நீரும் மிகுந்த பழம் அது. பிரான்ஸின் போர்டோ பகுதிக்குப் பேர் வாங்கித் தந்த கேபர்னே சாவிஞ்ஞோன் என்ற ஒயின் திராட்சை சின்ன மணி, தடித்த தோல். நன்கு பழுத்தால் சர்க்கரை 22, 24 சதவீதம் வரை ஏறும், தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. அந்த ஒயினில் பென்சில் சீவிய மரவாசம் வரும், நாக்கை இழுத்துப் பிடிக்கும். நீலகிரித் தேயிலையைப் பால் விடாமல் ரொம்ப நேரம் ஊறவிட்டுக் குடித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே துவர்ப்புதான். பிரான்ஸிலேயே பர்கண்டி பகுதியின் பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லியது, நிறமும் துவர்ப்பும் குறைவு. நம் நாட்டில் நாசிக்கின் ஷிராஸ் திராட்சை ஒயினில் மிளகு வாசம் தெரியும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை, மழையில்லாத நாட்களில் அறுவடை. நம் மலையில் இரண்டு பருவமழை, போதாததற்கு மூடுபனி. பழுக்கும் நேரத்தில் ஈரம் இருந்தால் கொத்தைப் பூஞ்சை பிடித்துவிடும்.

அப்புறம் இந்தச் சிவப்பு. கருப்புத் திராட்சையை நசுக்கிப் பாருங்கள், பெரும்பாலான வகைகளில் சாற்றுக்கு நிறமே இருக்காது. சிவப்பெல்லாம் தோலில் ஊறி இறங்கும் சாயம். அதைப் பார்த்துவிட்டு, ரத்தம் ஊறும், குழந்தை கலராகப் பிறக்கும் என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள். இரண்டும் பொய். போன வாரம்கூட ஒரு அம்மா, மாசமாக இருக்கும் மருமகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டார். "ஒரு சொட்டுகூட வேண்டாம்மா" என்றேன். தாய் குடிக்கும் ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்விடும். குழந்தையின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். ரத்தசோகைக்கு டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது. மற்றவர்களுக்கும் இது மருந்தில்லை. மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வகைப்படுத்திவிட்டது. ஒயினும் அதில் அடக்கம்.

உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் வண்டியில் ஏற்றாதீர்கள். மூடி உப்பியிருந்தாலோ ஓரத்தில் நுரை கசிந்தாலோ, பாட்டிலைக் கனத்த ஈரத்துணியால் சுற்றி, முகத்தை விலக்கி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சீறல் அடங்கிய பிறகு சிங்க்கில் ஊற்றிவிடுங்கள்.