2000;288:1432-5: இந்த வரிக்குள் என்ன இருக்கிறது?

கோலாலம்பூரில் முதல் ஆய்வுக் கட்டுரை எழுதும் இளம் மருத்துவர்களிடம் பேசிப் பாருங்கள். நோயாளிகளின் தரவைத் திரட்டியதைவிட, மேற்கோள் காட்டிய சான்றுகளை அடுக்கும் ரெஃபரன்ஸ் பட்டியலைச் சரிசெய்ததுதான் பெரும்பாடு என்று அலுத்துக்கொள்வார்கள். இங்கே அரைப்புள்ளி, அங்கே முக்காற்புள்ளி, முதலெழுத்துக்குப் பின்னால் புள்ளி கூடாது. எல்லாம் ஆசிரியர் குழுவின் வீம்பு போலத் தெரியும். கொஞ்சம் வீம்பும் உண்டுதான். ஆனால் அந்தக் குறிகளில் பெரும்பாலானவை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

நம் நாட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1998-99இல் பன்றிப் பண்ணைகளைச் சுற்றிப் பரவிய மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். அது வேறொரு புதிய வைரஸ் என்பது மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தெரியவந்தது. நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்திலிருந்து அதற்கு நிப்பா என்ற பெயர் வந்தது. அதை விவரித்த கட்டுரை சயின்ஸ் இதழில் வெளியானது. மருத்துவ ஆய்விதழ்களில் அந்தக் கட்டுரைக்கான குறிப்பு இப்படி முடியும்: 2000;288:1432-5.

அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது ஆண்டு. அதற்குப் பின்னால் தொகுதி எண், முக்காற்புள்ளிக்குப் பின்னால் பக்கங்கள். 1432 முதல் 1435 வரை என்பதைத்தான் 1432-5 என்று சுருக்கியிருக்கிறார்கள். இதழ் எண்ணைக் காணோமே என்றால், ஒரு தொகுதி முழுக்கப் பக்க எண்கள் தொடர்ந்து ஓடும்போது அது தேவைப்படுவதில்லை. இதழின் பெயரும் மனம்போன போக்கில் சுருங்காது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் உள்ள சுருக்கமே செல்லும். கோலாலம்பூரிலிருந்து வரும் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலேசியா, 'மெட் ஜே மலேசியா' ஆகிவிடும். சயின்ஸ் போன்ற ஒற்றைச் சொல் பெயரில் கைவைக்க மாட்டார்கள்.

இந்த முறைக்கு வான்கூவர் பாணி என்று பெயர். முன்பெல்லாம் ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு வடிவம் கேட்டது. ஓர் இதழ் நிராகரித்தால், அடுத்த இதழுக்காகப் பட்டியல் முழுவதையும் தட்டச்சுப் பொறியில் மறுபடி அடிக்க வேண்டும். 1978இல் சில மருத்துவ இதழாசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடி, எல்லோருக்கும் பொதுவான விதிகளைப் பேசினார்கள். மறு ஆண்டே அவை அச்சில் வந்தன. அந்தக் கூட்டம்தான் பின்னாளில் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவாக வளர்ந்தது.

கட்டுரையில் முதலில் வரும் சான்றுக்கு எண் 1, அடுத்ததற்கு 2. அதே சான்று மறுபடி வந்தால் பழைய எண்ணே. வாக்கியத்தின் நடுவில் பெயரும் ஆண்டும் புகுந்து படிப்பவரைத் தடுக்காது என்பது இதன் வசதி. இடையில் ஒன்றைச் செருகினால் பின்னால் உள்ள அத்தனை எண்களும் நகரும் என்பது இதன் தொல்லை. பலர் தவறவிடும் விதி ஒன்றும் உண்டு. அட்டவணைக்குள் மட்டும் வரும் சான்றுகளின் எண், அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தைப் பொறுத்தது. அட்டவணை கடைசிப் பக்கத்தில் இருக்கிறதே என்று கடைசி எண்களைக் கொடுத்தால் வரிசை குலைந்துவிடும்.

எண்களை நகர்த்தும் வேலையை இப்போது எண்ட்நோட், சோட்டெரோ, மெண்டலி போன்ற மென்பொருள்கள் பார்த்துக்கொள்கின்றன. இவை ஒரு சான்றை ஒரே வரியாகச் சேமிப்பதில்லை. பெயர், தலைப்பு, ஆண்டு, தொகுதி என்று தனித்தனிக் கட்டங்களில் போட்டுவைக்கின்றன. எந்த இதழின் பாணியைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதன் விதிப்படி கட்டங்களைக் கோத்து, நடுவில் குறிகளை இடுகின்றன. ஆக, கட்டத்துக்குள் தப்பாக விழுந்தது பட்டியலிலும் தப்பாகத்தான் வரும். மலேசியச் சுகாதார அமைச்சின் ஆங்கிலப் பெயரை எண்ட்நோட்டில் அப்படியே அடித்தால், கடைசிச் சொல்லான மலேசியா குடும்பப் பெயராகிவிடும், அமைச்சு வெறும் முதலெழுத்துகளாகச் சுருங்கிவிடும். பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டால் போதும், அது ஆள் அல்ல, அமைப்பு என்று மென்பொருளுக்குப் புரியும்.

அமைச்சுக்கே இந்தக் கதி என்றால் நம் பெயர்களுக்கு? வான்கூவர் பாணி எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று எண்ணிக்கொண்டு எழுதப்பட்டது. கவிதா அனாக் பெரெம்புவான் முருகன், அதாவது முருகனின் மகள் கவிதா என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் அவர் 'முருகன் கே' ஆவார். ஆய்வு செய்தது மகள், பெயர் அப்பாவுக்கு! இன்னோர் இதழில் 'கவிதா எம்' என்று வரலாம், அப்போது ஒரே ஆளின் கட்டுரைகள் இரண்டு பேர் கணக்கில் பிரியும். அப்பா பெயருக்கு முன் 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்) என்று எழுதும் மலாய்க்காரர்களுக்கும் இதே சிக்கல்தான். குடும்பப் பெயரை முதலில் எழுதும் சீனர்களுக்கோ, படிவம் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். 2012இல் வந்த ஓர்க்கிட் எண் இதற்காகத்தான். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கம். கடைசி இலக்கம் மற்ற பதினைந்தையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், தட்டச்சுப் பிழை பெரும்பாலும் உடனே மாட்டிக்கொள்ளும்.

எத்தனை பெயர் என்பதும் சின்ன விஷயமல்ல. நிப்பா கட்டுரைக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். முதல் ஆறு பேரைப் போட்டுவிட்டு 'மற்றும் பிறர்' என்பது வழக்கம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் லாம் சாய் கிட் சரியாக ஆறாவது. மூன்று பெயர் போதும் என்னும் இதழில் அவர் காணாமல் போவார்.

பல கட்டுரைகள் இணையத்தில் மட்டும் வருவதால் பக்க எண்ணின் மவுசு குறைந்துவிட்டது. அதன் இடத்தில் இப்போது 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் இருக்கிறது. அதை நம் ஐசி நம்பர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம்: வீடு மாறினாலும் எண் மாறாது. பதிப்பகம் கைமாறி இணைய முகவரி மாறும்போது, புதிய முகவரியை மையப் பதிவேட்டில் திருத்திவிடுவார்கள். பழைய எண்ணைச் சொடுக்கினாலும் கட்டுரைக்குப் போய்விடலாம். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகள், எங்குமே இல்லாத கட்டுரைகளுக்கும் அழகாகக் குறிப்பு வடிவமைத்துத் தரும் இந்தக் காலத்தில், எண்ணைச் சொடுக்கிப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

ஆனால் இத்தனை ஏற்பாடும் கட்டுரை எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே காக்கும். அது என்ன சொல்கிறது என்பதை அல்ல. 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கடிதம் வந்தது, மொத்தம் ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் ஓபியாய்டு வகை வலிநிவாரணி மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வர் மட்டுமே அதற்கு அடிமையானார்கள் என்றது. 2017இல் கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, 608 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் 80.8 விழுக்காடு, கடிதம் சொன்னவர்கள் மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகள் என்பதைச் சொல்லவே இல்லை. வீட்டில் மாதக்கணக்காக மாத்திரை சாப்பிடுபவருக்கும் அது சான்றாகிவிட்டது. 302:123 என்ற எண்ணைச் சரியாகப் போட்டவர் அந்த ஐந்து வாக்கியத்தைப் படித்தாரா என்று எந்த மென்பொருளும் கேட்காது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் மட்டும் கொஞ்சம் உதவி உண்டு. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரையை அந்த இதழ் 2010இல் விலக்கிக்கொண்டது. அப்படிப்பட்டது நம் சேகரிப்பில் இருந்தால் சோட்டெரோ சிவப்பில் எச்சரிக்கும். முக்கியமாக டி.ஓ.ஐ. எண்ணையும், பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தின் எண்ணையும் வைத்துத்தான் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. கையால் தட்டச்சு செய்து, அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டவருக்கு எச்சரிக்கை வராமலே போகலாம்.