ரேம் டிஸ்க்கை ‘மெய்நிகர் வட்டு’ என்று எழுதாதீர்கள்

“விரைவான காப்புநகலுக்கு மெய்நிகர் வட்டைப் பயன்படுத்தவும்.” தமிழாக்கக் கையேடுகளில் இந்த வரியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மூலத்தில் இருப்பது ரேம் டிஸ்க். போன மாதம் நண்பர் ஒருவர் இந்த வரியை நம்பி, எடுத்த காப்புநகலை அங்கேயே விட்டுவிட்டுக் கணினியை அணைத்தார். மறுநாள் திறந்தபோது டிரைவ் இருந்தது, உள்ளே ஒரு கோப்பும் இல்லை.

கணினியின் ரேமில், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் தரவை வைத்திருக்கும் நினைவகத்தில், ஒரு பகுதியை ஒதுக்கி, அதை ஒரு டிஸ்க் என்று இயங்குதளத்தை நம்பவைப்பதுதான் ரேம் டிஸ்க். சுழலும் வன்வட்டு நொடிக்கு 100, 200 மெகாபைட் எழுதும். ரேம் பல ஜிகாபைட் எழுதும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் திரட்டிச் சுருக்கும் வேலைக்கு அது அருமையான இடம். மின்சாரம் நின்றால் அத்தனையும் போய்விடும்.

டிஸ்க் என்பது கிரேக்கத்தின் ‘டிஸ்கோஸ்’, எறியும் தட்டு. நம் வட்டெறிதலில் வரும் அதே வட்டு. ரேமில் வட்டமாக எதுவும் இல்லைதான். ஆனால் கோப்பு வைக்கும் இடம் என்ற பொருளில் அந்தச் சொல் ஊன்றிவிட்டது, இருக்கட்டும்.

தகராறு ‘மெய்நிகர்’, அதாவது வர்ச்சுவல், என்ற சொல் மீதுதான். 1984இல் வந்த பிசி டாஸ் 3.0 என்ற இயங்குதளத்தில் ஐபிஎம்மே இதற்கு விடிஸ்க், அதாவது வர்ச்சுவல் டிஸ்க், என்று பெயர் வைத்ததே என்பார்கள். உண்மைதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் தன் டாஸில் ரேம்டிரைவ் என்றது. ரேம் என்ற பெயர்தான் நிலைத்தது. இன்று வர்ச்சுவல் டிஸ்க் என்றாலே மெய்நிகர் இயந்திரங்களின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளின், வட்டுக் கோப்புதான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். அது வழக்கமாக நிஜ வன்வட்டில் கிடப்பது, கணினியை அணைத்தாலும் அழியாதது. ஒரே பெயரில் அழிவதும் அழியாததும் இருந்தால் படிப்பவர் எதை நம்புவார்? அப்புறம் மெய்நிகர் நினைவகம் என்று வேறொன்று இருக்கிறது. அதில் வட்டு நினைவகமாக வேடம் போடுகிறது. ரேம் டிஸ்க்கில் நினைவகம் வட்டாக வேடம் போடுகிறது. நேர் எதிரான இரண்டுக்கும் ஒரே அடைமொழி! ‘மெய்நிகர்’ வேடத்தைச் சொல்கிறது, பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. காப்புநகல் எடுப்பவருக்குத் தெரிய வேண்டியது அந்த இடம்தான்.

நினைவக வட்டு என்பதே சரி. ‘நினைவு வட்டு’ என்று சுருக்கவும் கூடாது. அது நினைவுப் பரிசு, நினைவு மண்டபம் பக்கம் போய்விடும். ஆனால் இந்தச் சொல் நிற்க வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர்கள் ஸ்டோரேஜையும் நினைவகம் என்று எழுதுவதை விட வேண்டும். அது சேமிப்பகம். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதுபவர்கள், தாங்கள் எழுதிய குறிப்பை ஒருமுறை கணினியில் செய்துபார்த்ததுண்டா?

அந்த வரியை நான் இப்படி எழுதுவேன்: “கோப்புகளை நினைவக வட்டில் திரட்டிச் சுருக்கவும். முடிந்ததும் காப்புநகலை வெளி வன்வட்டுக்கு மாற்றவும். மாறிவிட்டதா என்று பார்த்த பிறகே கணினியை அணைக்கவும்.”